ஐப்பசியில் உப்பு ஏன் கசிகிறது?

ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பிடித்துவிட்டால், டெல்டா வீடுகளின் அடுப்பங்கரையில் உப்பு ஜாடி கசியத் தொடங்கும். பக்கத்திலேயே சர்க்கரை டப்பா இருக்கும். அது கொஞ்சம் பிசுபிசுப்பதோடு சரி. அப்பளம் நமத்துப்போகும், மிளகாய்த்தூள் கட்டி தட்டும். ஆனால் கல் உப்பின் அடியில் மட்டும் தண்ணீரே தேங்கி நிற்கும். யாரும் ஊற்றவில்லை, கூரையும் ஒழுகவில்லை. பிறகு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதில் இன்னொரு புதிரும் உண்டு. பாக்கெட்டில் வரும் தூள் உப்பு அதே அலமாரியில், அதே மழையில் இருந்தும் இந்த அளவுக்கு ஒழுகுவதில்லை. இரண்டும் உப்புதானே?

அதே நாட்களில் வேதாரண்யத்துக்குத் தெற்கே, அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் உப்பளங்கள் ஓய்ந்து கிடக்கும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்பதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். அது பெரிய காரணம்தான், ஆனால் அதுமட்டுமே காரணம் அல்ல. மழையே பெய்யாத நாளிலும், காற்றில் ஈரம் மிகுந்து மூட்டம் போட்டிருந்தால், நன்றாக முற்றிய உப்புநீர்கூடப் பாத்தியில் அப்படியே கிடக்கும். ஒரு கல்லும் விளையாது. ஜாடியில் உப்பு தண்ணீராவதும், பாத்தியில் தண்ணீர் உப்பாக மறுப்பதும் ஒரே விதியின் இரண்டு முகங்கள். அந்த விதிக்கு ஓர் எண் இருக்கிறது: 75.

எண்ணுக்குப் போகும் முன், வானிலைச் செய்தியில் தினமும் காதில் விழும் ஒரு சொல்லைப் பார்த்துவிட வேண்டும். “காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு” என்கிறார்கள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்றில் நீராவி இவ்வளவுதான் இருக்க முடியும் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான். அந்த உச்சவரம்பில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். 30 டிகிரியில் 24 கிராம் இருந்தால் அது 80 விழுக்காடு. இரவில் காற்று குளிரும்போது உச்சவரம்பு இறங்கிவிடுகிறது. நீராவியின் அளவு மாறாமலே விழுக்காடு ஏறிவிடுகிறது. விடியற்காலையில் எல்லாம் ஈரமாகத் தெரிவது இதனால்தான்.

இனி தண்ணீர் ஆவியாவதைப் பார்க்கலாம். தண்ணீரிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக் காற்றுக்குப் போகின்றன என்பது பள்ளியிலேயே படித்தது. அதே நேரத்தில் காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் திரும்பி வந்து தண்ணீரில் விழுந்துகொண்டும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலை நினைத்துக்கொள்ளலாம். முகூர்த்தம் முடிந்த நேரம். சாப்பிட்டவர்கள் வெளியே போகிறார்கள், தாமதமாக வந்தவர்கள் உள்ளே நுழைகிறார்கள். போகிறவர்கள் அதிகமானால் மண்டபம் காலியாகும், வருகிறவர்கள் அதிகமானால் நிறையும். இரண்டும் சமமானால், வாசலில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் உள்ளே இருக்கும் தலைக்கணக்கு மாறாது. இப்போது மண்டபத்துக்குள் நெருங்கிய உறவினர் சிலர் நின்று, கிளம்புகிறவர்களின் கையைப் பிடித்து “இருந்துட்டுப் போங்க” என்று நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். வருகிறவர்களை யாரும் தடுக்கவில்லை, போகிறவர்கள்தான் குறைகிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்பு செய்கிற வேலை இதுதான்.

உப்பு தண்ணீரில் கரையும்போது சோடியம் அயனி, குளோரைடு அயனி எனப் பிரிகிறது. ஒன்று நேர்மின்னூட்டம் கொண்டது, மற்றது எதிர்மின்னூட்டம் கொண்டது. நீர் மூலக்கூறுக்கும் ஒரு முனையில் கொஞ்சம் நேர்மின், மறுமுனையில் கொஞ்சம் எதிர்மின் உண்டு. அதனால் அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி நிறுத்திக்கொள்கின்றன. காற்றுக்குத் தப்பிப் போகிறவை குறைகின்றன. கடல்நீரில் உப்பு கொஞ்சம்தான் இருப்பதால், நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால் இந்தக் குறைவு 2 விழுக்காடு அளவே. இனி உப்பே கரையாது என்னும் அளவுக்குக் கரைந்துவிட்ட தண்ணீரைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம். அந்த நிலையில் தண்ணீர் தப்பிக்கும் வேகம், நல்ல தண்ணீரின் வேகத்தில் 75 விழுக்காடாக இறங்கிவிடுகிறது.

அதாவது, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75க்குக் கீழே இருந்தால் தெவிட்டிய உப்புநீர் வற்றி உப்பு விளையும். 75க்கு மேலே போனால் காற்றிலிருந்து வந்து விழும் தண்ணீரே அதிகம். அப்போது உப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் பிடித்து, அதில் உப்பு கரைந்து, அந்தக் கரைசல் இன்னும் நீரை இழுத்து, கடைசியில் சொட்டாகத் திரளும். பத்தாம் வகுப்பு அறிவியலில் “ஈரம் உறிஞ்சிக் கரைதல்” என்று ஒரு வரையறை வரும். ஒரு மதிப்பெண் கேள்வியாக மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டு அலமாரியிலேயே நடக்கும் இந்தச் சோதனையைக் காட்டி அதைச் சொல்லிக்கொடுத்தால் வாழ்நாளுக்கும் மறக்காது. சர்க்கரைக்கு இந்த எல்லை 85 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. ஆகவே உப்பு கசியும் பல நாட்களில் சர்க்கரை தாக்குப்பிடித்துவிடும்.

இந்த 75 எப்படித் தெரிந்தது? மூடிய கலத்துக்குள் தெவிட்டிய உப்புக் கரைசலை வைத்து, அதன் மேலுள்ள காற்று எந்த ஈரப்பதத்தில் வந்து நிலைக்கிறது என்று அளந்து பார்த்துத்தான். பல ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அளந்த அளவீடுகளை எல்லாம் திரட்டி, அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த கிரீன்ஸ்பான் 1977இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். 25 டிகிரி செல்சியஸில் சாதாரண உப்புக்கு அதில் இருக்கும் எண் 75.3. ஈரப்பதம் காட்டும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் உலகம் முழுக்க இந்த எண்ணைத்தான் நம்புகிறார்கள். வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விட்டு, கடையில் கிடைக்கும் சிறிய ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடிவிட வேண்டும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் முள் 75ஐ ஒட்டி நிற்கும். வெளியே மழையானாலும் வெயிலானாலும் டப்பாவுக்குள் 75தான்.

ஆனால் கல் உப்புக் கணக்கு இதில் முழுதாக அடங்கவில்லை. ஈரப்பதம் 60, 65 என்று இருக்கும் நாளிலேயே அது பிசுபிசுக்கத் தொடங்குவதை வீட்டில் சமைக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். 75ஐத் தொடும் முன்பே ஈரத்தை இழுக்கிற வேறு ஏதோ ஒன்று அதில் கலந்திருக்க வேண்டும். அது மெக்னீசியம் குளோரைடு. கிரீன்ஸ்பான் அட்டவணையில் அதற்கு எதிரே உள்ள எண் 33ஐ விடக் கொஞ்சம் குறைவு. வேதாரண்யம் கடற்கரையில் காற்று 33க்குக் கீழே வறள்வது அரிது. எனவே உப்போடு ஒட்டிவந்த மெக்னீசியம் ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் அது சொட்டத் தொடங்குகிறது, அவ்வளவுதான். அந்த மெக்னீசியம் உப்புக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், உப்பளத்துக்குப் போகாமல் பதில் கிடைக்காது.

வேதாரண்யம் வட்டாரத்தில் அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பகுதிகளில் சுமார் 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். தை, மாசியில் வரப்புகளைச் செப்பனிட்டு, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கி, வேலையைத் தொடங்குவார்கள். தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும் களிமண் தரை இதற்கு உயிர்நாடி. சித்திரை, வைகாசி வெயிலும், அதன் பிறகு மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் விளைச்சலின் உச்சக் காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது பருவம் முடிந்துவிடும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் பல வகை உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் 27 கிராம்தான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மீதி 8 கிராமில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் இருக்கின்றன. கடல்நீரை ஒரு சட்டியில் ஊற்றி முழுக்க வற்றவிட்டால் இத்தனையும் சேர்ந்து ஒரு கசப்புக் கட்டிதான் கிடைக்கும். அதை வாயில் வைக்க முடியாது. நல்ல உப்பைப் பிரித்தெடுக்க முடிவது, இவை எல்லாம் ஒரே நேரத்தில் படியாமல் வரிசையாகப் படிவதால்தான். 1849இல் உசிக்லியோ என்ற இத்தாலிய வேதியியலர் பிரான்சின் தென்கரையில் மத்தியதரைக் கடலின் தண்ணீரை எடுத்து, மெதுவாக வற்றவிட்டு, எந்தக் கட்டத்தில் எது அடியில் படிகிறது என்று எடைபோட்டுக் குறித்துவைத்தார். முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு படிந்தது. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியபோது ஜிப்சம் படிந்தது. பத்தில் ஒரு பங்கானபோதுதான் உப்பு விளையத் தொடங்கியது. மெக்னீசியம் கடைசி வரை தண்ணீரிலேயே நின்றது. எது குறைவாகக் கரையுமோ அது முந்திக்கொண்டு படியும், எது மிக அதிகமாகக் கரையுமோ அது கடைசிவரை இறங்காது. எந்த ஊர்க் கடல்நீருக்கும் இந்த வரிசை மாறாது.

உப்பளத்தின் அமைப்பே இந்த வரிசையை மண்ணில் வரைந்ததுதான். கடலிலிருந்தோ கழியிலிருந்தோ வரும் தண்ணீர் முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும். அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளுக்குத் திறந்துவிடப்படும். ஒவ்வொரு பாத்தியிலும் கொஞ்சம் வற்றி, கொஞ்சம் கனம் ஏறும். ஜிப்சம் இடைப்பட்ட பாத்திகளிலேயே படிந்துவிடும். உப்பு விளையும் தறுவாயில் இருக்கும் தண்ணீர் மட்டும் கடைசிப் பாத்திக்கு வந்து சேரும்.

எப்போது திறப்பது என்பதை “டிகிரி” சொல்லும். உப்பளத்தில் “தண்ணி இருபத்தஞ்சு டிகிரி வந்திருச்சு” என்றால் அது சூட்டைப் பற்றிய பேச்சு அல்ல. அடியில் கனம் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். தண்ணீரின் அடர்த்தி கூடக் கூட அது மேலே எழும்பும். குழாயின் கழுத்தில் உள்ள கோடுகளில் எந்தக் கோடு நீர்மட்டத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் திரவமானி. அந்தக் கோடுகளை வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர், ஆண்டு 1768. நல்ல தண்ணீரில் குழாய் நிற்கும் இடத்தை 0 என்றும், நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடத்தை 15 என்றும் குறித்து, இடைவெளியைச் சமமாகப் பிரித்தார். அவர் பெயரால் அது போமே டிகிரி. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். 13, 14 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் படியும். 25ஐத் தொட்டால் உப்பு.

உப்பு விளையும் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால், நீரின் மேற்பரப்பில் முதலில் மெல்லிய ஏடு படர்வது தெரியும். அந்த ஏட்டில் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கும். ஒவ்வொரு சதுரத்தின் நடுவும் குழிந்து, நாலு பக்கமும் படிப்படியாக ஏறி நிற்கும். மூலைகளும் விளிம்புகளும் நடுப்பகுதியை விட வேகமாக வளர்வதால் வரும் வடிவம் அது. கனம் தாங்காமல் அவை தரைக்கு இறங்கி, அங்கே கிடந்து பருக்கும். சதுரம் ஏன், வட்டமோ ஆறுகோணமோ ஏன் இல்லை என்ற கேள்விக்கு 1913இல் விடை கிடைத்தது. இங்கிலாந்தில் பிராக் என்ற தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைப் படிகங்களுக்குள் செலுத்தி, அவை சிதறும் கோலத்திலிருந்து உள்ளே அணுக்கள் நிற்கும் ஒழுங்கைக் கணித்தார்கள். உப்பில் சோடியமும் குளோரினும் முப்பரிமாணக் கட்டங்களில் மாறி மாறி நிற்கின்றன, தனித்தனி உப்பு மூலக்கூறு என்று அங்கே எதுவும் இல்லை என்று மகன் பிராக் காட்டினார். இதை ஏற்க மனமில்லாத மூத்த வேதியியலர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், 1927இல்கூட ‘நேச்சர்’ இதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்.

இந்தக் கட்ட ஒழுங்குதான் நமது புதிரின் சாவி. சோடியமும் குளோரினும் சரியாகப் பொருந்தி நிற்கும் கட்டத்துக்குள் மெக்னீசியம் எளிதில் நுழைய முடியாது. அளவிலும் மின்னூட்டத்திலும் அது வேறு. ஆகவே உப்புக் கல் தன்னளவில் மிகத் தூய்மையானது. மெக்னீசியம் இருப்பது கல்லுக்குள் அல்ல. கல் வேகமாக வளரும்போது உள்ளே சிறைப்பட்டுப்போன நீர்த்துளிகளிலும், கல்லைச் சுற்றி ஒட்டிய ஈரத்திலும் அது இருக்கிறது. தண்ணீர் 25இலிருந்து 29 டிகிரி போகும்வரை பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் படியும். அதைத் தாண்டினால் பாத்தியில் மிஞ்சுவது மெக்னீசியம் செறிந்த கசப்புநீர். அந்த நேரத்தில் அதை வெளியேற்றிவிட்டு உப்பை வார வேண்டும். இன்னும் கொஞ்சம் எடை கிடைக்கட்டும் என்று விட்டுவைத்தால் உப்பில் கசப்பும் ஈரமும் ஏறும். கசப்புநீர் முற்ற முற்ற, அது வற்றுவதற்குத் தேவையான காற்றின் வறட்சியும் கூடிக்கொண்டே போகும். கடலோரக் காற்றில் அது ஒரு கட்டத்துக்கு மேல் வற்றவே வற்றாது. இத்தனை கணக்கையும் தண்ணீரின் நிறத்தையும் காலுக்குத் தட்டுப்படும் கல்லையும் வைத்தே சொல்லிவிடுகிற தொழிலாளர்கள் உப்பளங்களில் இருக்கிறார்கள். அது வேதியியல் அறிவுதான். அதற்குரிய மதிப்பும் கூலியும் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

வெளியேற்றும் கசப்புநீர் வீணானது என்று நினைக்க வேண்டியதில்லை. 1826இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் 23 வயது பாலார், உப்பளத்தில் மிஞ்சிய கசப்புநீரில் குளோரின் வாயுவைச் செலுத்தி, அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் புரோமின்.

வாரிய உப்பைக் கழுவும் முறையில் ஓர் அழகு உண்டு. நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து போய்விடும். அதனால் உப்பை உப்புநீராலேயே கழுவுகிறார்கள். ஏற்கெனவே தெவிட்டிய தூய உப்புக் கரைசலில் சோடியம் குளோரைடு மேலும் கரையாது. ஆனால் மெக்னீசியத்துக்கு அதில் இடம் இருக்கிறது. அழுக்கு போகும், உப்பு நிற்கும். ஆலைகளில் இப்படிக் கழுவி, உலர்த்தி, பொடித்து வருவதுதான் பாக்கெட் உப்பு. அது 75 வரை தாங்குவதும், கல் உப்பு முன்பே கசிவதும் இந்த ஒரு கழுவலால் வரும் வேறுபாடு. அம்பாரமாகக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடிவைத்த பழைய உப்பு, புது உப்பை விடக் குறைவாகக் கசியும். ஈரத்தை இழுத்துக்கொண்ட மெக்னீசியம் குவியலின் அடி வழியாகத் தானாகவே வடிந்துவிடுவதால்தான் அப்படி. உப்பை மரவையில் வைத்த பழைய வழக்கமும் நல்ல யோசனை. மரம் கசிவைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், இரும்பைப் போலத் துருவும் பிடிக்காது.

தூள் உப்பு சொட்டாவிட்டாலும் கட்டி தட்டும். இரவில் ஈரப்பதம் 75ஐத் தாண்டும்போது துகள்களின் மேல் படலம் பிடிக்கும். பகலில் அது காயும்போது, கரைந்திருந்த உப்பு இரண்டு துகள்களுக்கு நடுவில் பாலமாக விளையும். இப்படி நாலைந்து நாள் நடந்தால் கட்டிதான். பாக்கெட்டில் 536 என்ற எண்ணோடு அச்சிட்டிருக்கும் சேர்பொருள் அந்தப் பாலம் உருவாவதைத் தடுப்பதற்காக மிகச் சிறிய அளவில் சேர்ப்பது.

உப்பு தானாக விளையும் இந்த விதி, இந்த மண்ணின் வரலாற்றிலும் புகுந்திருக்கிறது. 1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாளில், உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 28 அன்று வந்து சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களுக்கு ஆதரவாக நின்றார். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். சித்திரை வெயிலில் சதுப்பு நிலம் வறண்டு, யாருடைய உழைப்பும் இல்லாமலே உப்பு பூத்துக் கிடக்கும் நேரம் அது. அப்படிப் பூத்ததைக் கையால் அள்ளுவதும் அன்றைய சட்டத்தில் குற்றம். ஐப்பசியில் நடந்திருந்தால் அள்ளுவதற்கு அங்கே உப்பே இருந்திருக்காது.

இயற்கை தருவதைத் திரும்பப் பறித்தும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கடல் கொண்டுவந்த சேறு உப்பளங்களுக்கு மேல் படிந்துவிட்டது. மிதித்து இறுக்கிய களிமண் தரைக்கு மேல் குழம்பிய சேறு உட்கார்ந்தால் உப்பு வெள்ளையாக விளையாது, வாருபலகையும் ஓடாது. பாத்தியை முதலிலிருந்து உருவாக்க வேண்டியதாயிற்று. சாதாரண ஆண்டிலேயே மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. தமிழ்நாடு அரசு அந்த மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது 2022இல்தான். இவ்வளவு காலம் தாழ்ந்து வந்திருக்க வேண்டிய உதவி அல்ல அது.

கோடையில் கடைசிப் பாத்திகளுக்குப் போகப் போகத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். சாயக்கழிவோ என்று முதல்முறை பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். அது உயிர். பெரும்பாலான உயிர்கள் உப்பில் பிழைக்காததற்குக் காரணம் நஞ்சல்ல, தாகம்தான். செல்லுக்கு உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் உப்பு இழுத்துவிடும். இந்தத் தாகத்தை வெல்லத் தெரிந்த டுனாலியெல்லா என்ற பாசியும், உப்பு விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களும் அங்கே போட்டியில்லாமல் பெருகுகின்றன. வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவை சுமக்கும் நிறமிகளே தண்ணீருக்குச் சிவப்பைத் தருகின்றன. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டீன் வகைதான் அது. உவர்நீரில் வளரும் பாசியும் நுண்ணிறால்களும் கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளுக்கு இரை. இரையின் வழியாக வரும் கரோட்டீன்தான் அவற்றின் இறகைச் சிவக்க வைக்கிறது. 1967இல் சரணாலயமாகவும், 2002இல் ராம்சர் சதுப்பு நிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் கோடியக்கரை.

கருவாடு கெடாமல் இருப்பதும் இதே 75இன் வேலை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர, சுற்றியுள்ள ஈரம் 90 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். உப்பு தெவிட்டிய மீன்சதையில் அது 75ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிப்பதும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆனாலும் மழைக்காலத்தில் சில நேரம் கருவாட்டின் மேல் சிவப்புப் பூச்சாக ஏதோ படர்வதைப் பார்க்கலாம். வெளியிலிருந்து வந்த கிருமி என்று நினைக்கத் தோன்றும். உப்பளப் பாத்தியைச் சிவக்கவைத்த அதே நுண்ணுயிர்க் கூட்டம்தான், கடல் உப்போடு சேர்ந்து மீன் மேல் வந்து, ஈரம் கிடைத்ததும் விழித்துக்கொள்கிறது.

கடைசியாக அயோடின். கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் உண்டு, பிறகு எதற்குச் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் 0.06 மில்லிகிராம் அயோடின்தான் இருக்கிறது. 35 கிராம் உப்புகளிலும் அது முழுக்கத் தங்கினால்கூட, பத்து லட்சத்தில் இரண்டு பங்கைத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி மெக்னீசியத்தோடு கசப்புநீரில் போய்விடும். உடலுக்கு வேண்டிய அளவு கிடைக்க ஆலையில் சேர்க்க வேண்டியது பத்து லட்சத்தில் 30 பங்கு, அதாவது ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம். இந்த ஏற்பாடு ஊகத்தில் வந்ததல்ல. 1956இல் ராமலிங்கசுவாமியும் உடன் ஆய்வாளர்களும் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கை வட்டாரங்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சேர்க்காத உப்பும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன வட்டாரங்களில் முன்கழுத்துக் கழலை தெளிவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை உண்ணும் தேவைக்காக விற்க நாடு முழுவதும் தடை.

அயோடினுக்கும் ஈரம்தான் எதிரி. குளிர்நாடுகளில் பொட்டாசியம் அயோடைடு சேர்ப்பது வழக்கம். நம் கடலோர ஈரத்திலும் வெயிலிலும் அது சிதைந்து அயோடின் காற்றில் போய்விடும், அல்லது மூட்டைக்குள் கசியும் நீரோடு வடிந்துவிடும். அதனால் இந்தியாவில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள். அது ஈரத்தை நன்றாகவே தாங்கும். ஆனாலும் மெக்னீசியம் மிகுந்து கசியும் உப்பில் அதுவும் குறையும். விதிகளிலேயே இந்த இழப்புக்கு இடம் விட்டிருக்கிறது: ஆலையில் 30, வீட்டுக்கு வந்து சேரும்போது 15க்குக் குறையக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் மூடிவைத்து, குழம்பை இறக்கும் நேரத்தில் போட்டால் மிச்சமிருப்பது பெரும்பாலும் தட்டுக்கே வரும். இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுவரும் சிறு குப்பியில் இருப்பது ஸ்டார்ச் கலந்த கரைசல். ஒரு சிட்டிகை உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடேட் இருக்கும் உப்பு நீலமாகும். கூடுதலாக இருந்தால் நீலமும் அடர்த்தியாக இருக்கும்.